திறப்பு விழாவுக்கு வந்த பறை

நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றை எப்படித் திறந்து வைப்பது என்பதற்கு நம் நாட்டில் ஒரு சடங்கு முறையே உருவாகிவிட்டது. கூடத்துக்கு வெளியே பறை அடிக்க வேண்டும். உள்ளே குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அடிக்கிறவர்கள் வியர்த்து முடித்ததும் சிறப்பு விருந்தினர் ரிப்பனைக் கத்தரிப்பார். பட்டும் கதரும் கைத்தறியுமாக ஒரு கூட்டம் உள்ளே போகும். பறை வெளியிலேயே நின்றுகொள்ளும். உள்ளே சுவரில் பார்த்தால் அங்கேயும் நம்ம சனங்கதான்: சுருக்கம் விழுந்த கிழவி, சேற்றில் நிற்கிற கால், மூக்கு ஒழுகுகிற பிள்ளை, சாக்கடைக்குள்ளிருந்து தலைநீட்டுகிற மனிதன். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்கும், விலை இருக்கும். படத்துக்குள் இருக்கிற ஆளுக்குப் பெயர் இருக்காது. வாசலில் சத்தமாகவும் சுவரில் உருவமாகவும் நாம் இருக்கலாம். திறந்து வைக்கிற கையாக, தேர்ந்தெடுக்கிற கண்ணாக, பெயர் வைக்கிற வாயாக மட்டும் இருக்கக்கூடாது. இதுதான் இந்தச் சடங்கின் சாரம்.

பறை அடிப்பதற்கு எதிராக நான் பேசவில்லை. அந்த விவாதத்தை நாம் முப்பது வருசத்துக்கு முன்பே நடத்தி முடித்தவர்கள். சாவு வீட்டில் கூலிக்கும் குடிப்பதற்குமாக அடித்த தப்பைத் தூக்கி எறிவதா, போராட்டத்தின் கருவியாக நிமிர்த்திப் பிடிப்பதா என்று ஊர் ஊராகச் சண்டை போட்டோம். மதுரையில் தலித் ஆதார மையம் 1990-களில் நடத்திய கலைவிழாக்களில் பறை மேடையேறியபோது அது சும்மா ஏறவில்லை, சாதியைப் பேசிக்கொண்டே ஏறியது. இன்றைக்கு என்ன ஆச்சு? பறை ‘தமிழரின் தொல்லிசைக் கருவி’ ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வார விடுமுறையில் கற்றுக்கொள்கிறார்கள். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. சந்தோசம், அது அவருக்குரியது. ஆனால் கருவியை மட்டும் எடுத்துக் கழுவித் துடைத்து ‘தமிழர்’ என்று முத்திரை குத்தி உள்ளே வைத்துக்கொண்டு, அதை அடித்ததற்காகவே தீண்டப்படாதவனாக ஆக்கப்பட்டவனை வாசலோடு நிறுத்துகிற தந்திரம் இருக்கிறதே, அது பழைய தந்திரம். புதுசாக ஏசி போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

ஒரு நகரத்துக் கூடம், பெயர் வேண்டாம். கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்த அக்கா மகனோடு ஒரு திறப்புக்குப் போயிருந்தேன். அவனுடைய படம் ஒன்றும் அந்தக் குழுக் கண்காட்சியில் தொங்கியது. கறுப்புச் சட்டை போட்டிருந்தான். வாசலில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்ததும், “தம்பி, பறை டீம் அந்தப் பக்கம். ஆறு மணிக்குத்தான் உங்களுக்கு டைம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கோபமே இல்லை. அழைப்பிதழை எடுத்துக் காட்டியதும் பதறிப்போய், “சாரி சார், சாரி சார்” என்று காபி வாங்கிக் கொடுத்தார். தம்பி சார் ஆனதற்கு நடுவில் ஒரு காகிதம்தான் இருந்தது. அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “மாமா, உள்ள என் படத்த பாத்துட்டு, ‘அந்த வட்டாரத்து வலி தெரியுது’ன்னு சொல்லுதாவ. நான் வரைஞ்சது ஒரு சைக்கிள்.”

சைக்கிளை வரைந்தாலும் வலியைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டுப் பையன் சைக்கிளை வரைந்தால் அது வடிவம், கோடு, வெளி, ஒளி. நம்ம பையன் வரைந்தால் அது வாக்குமூலம். இலக்கியத்திலும் இதையே செய்தார்கள்; ‘தன்வரலாறா, அப்படியானால் கலை எங்கே’ என்று 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது கேட்டவர்கள் நம் ஞாபகத்தில் இருக்கிறார்கள். ராஜ் கௌதமன் ‘தலித் பண்பாடு’ எழுதி அழகு யாருடைய அழகு என்று கேட்டது 1993-இல். எழுத்தில் அந்தக் கேள்வியால் சில கதவுகள் உடைந்தன. ஓவியத்திலும் சிற்பத்திலும் அது கதவைத் தட்டக்கூட இல்லை. காரணம் எளிமையானது. பத்திரிகை நடத்த நாலு தோழர்களும் ஒரு அச்சகக் கடனும் போதும். கேலரி நடத்தச் சுவர் வேண்டும், நிலம் வேண்டும், வாங்குகிற பணக்காரன் வேண்டும். அரசுக் கவின்கலைக் கல்லூரியில் இடஒதுக்கீடு உண்டு, அதனால்தான் நம் பிள்ளைகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் படித்து வெளியே வருகிறார்கள். கேலரியில் இடஒதுக்கீடு கிடையாது. அங்கே ‘தகுதி’ இருக்கிறது. மருத்துவக் கல்லூரி வாசலில் நாம் பார்த்த அதே தகுதிதான், இங்கே ‘ரசனை’ என்று பெயரை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

‘கலைக்குச் சாதி கிடையாது’ என்று சொல்கிறவர்களிடம் சென்னையின் நவீன ஓவிய வரலாற்றையே எடுத்துக் கேட்போம். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கிய பள்ளி, முதலில் தொழில் சொல்லிக்கொடுக்கிற பட்டறைதான். கைவினை கீழே, நுண்கலை மேலே என்கிற ஏணியெல்லாம் போகப்போகச் சாத்தியது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடிருந்தவர்களும் 1966-இல் கடற்கரையோரம் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்கள். அய்ரோப்பாவைக் காப்பியடிக்கமாட்டோம், நம் மண்ணின் வேரைத் தேடுவோம் என்றார்கள். நல்ல கேள்வி, நேர்மையான உழைப்பு. கையால் பாத்திக்கும் தோலும் செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டு வரைந்தவர்கள் அவர்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வேரைத் தேடிப்போன கால்கள் எங்கே போய் நின்றன? ஜாதகக் கட்டத்தில், எந்திரத்தில், மந்திர எழுத்தில், கோயில் சிற்பத்தில். சிலர் கிராமத்துத் தெய்வம் வரை இறங்கி வந்தார்கள். அதற்கு அடுத்த தெருவுக்கு வேர் எதுவும் ஓடவில்லையாக்கும்! சேரியில் மண் இல்லையா, சுவர் இல்லையா, நிறம் இல்லையா? ‘இந்தியத்தன்மை’ என்று ஒன்றைத் தேடுகிறவன் எந்தத் தெருவோடு நின்றுகொள்கிறான் என்பதில் அவனுடைய சாதி இருக்கிறது. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருக்கிற வசதி அவனுக்கு உண்டு.

எங்கள் ஏரல் பக்கம் கேலரி கிடையாது. தாமிரபரணிக் கரையில் ஒரு வியாபார ஊர். நகைக்கடையும் பாத்திரக்கடையும் துணிக்கடையுமாகக் கடைத்தெரு. சேர்மன் அருணாசல சாமி கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் வரும். ப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் அந்தத் திருவிழாக்கள்தான் எங்கள் பெயிண்டர்களுக்கு அறுவடைக் காலம். சுற்றுப்பட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்படித்து, நீலம் கலந்து, சோப்பு விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், கட்சிச் சின்னம் எழுதுவார்கள். நம்ம தெருப் பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். சின்னப் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பி ஒரு முகத்தைக் கொண்டுவருகிற வித்தை யாரும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததில்லை. நாலு எழுத்துக்கு ஒரு நாள் கூலி. பகலில் முதலாளி கடைக்கு எழுதுவார்கள். ஏப்ரல் 14-க்கு முந்தின ராத்திரி மிச்சப் பெயிண்டில் தெரு முனையில் அம்பேத்கரை வரைவார்கள். அதற்குக் கூலி கிடையாது. காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்ததுதான், மூக்கு கொஞ்சம் கோணினால் மறுநாள் காலையில் தெருவே கூடி நின்று விமர்சனம் பண்ணும். “எய்யா, கண்ணாடி இன்னும் பெருசு லா” என்று ஒரு ஆச்சி சொல்வாள். ஏறித் திருத்துவான். கலை விமர்சனம் என்றால் அதுதான் விமர்சனம், பார்க்கிறவளுக்கு வரைகிறவனைத் திருத்துகிற அதிகாரம் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. சுவரின் கீழ் மூலையில் தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘ஆர்ட்ஸ், ஏரல்’ என்று எழுதுவான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டோடு முடிந்துபோன பெயர் சுவரில் வரும். ப்ளெக்ஸ் மிஷின் வந்து அந்தச் சுவரையும் கூலியையும் பெயரையும் ஒரே சுருட்டாகச் சுருட்டிக்கொண்டு போயிற்று. பாதிப்பேர் கட்டட வேலைக்குப் பெயிண்டு அடிக்கப் போனார்கள், சிலர் திருப்பூருக்கு. எந்தக் கண்காட்சிக் கூடமும் இவர்களுக்கு இரங்கல் கூட்டம் போடவில்லை. இப்போது பெருநகரங்களில் பழைய கையெழுத்து போர்டுகளின் ‘அழகியல்’ பற்றிக் கெட்டி அட்டையில் புத்தகம் போடுகிறார்கள், எழுதினவனைத் தேடாமல்.

ஏரலிலிருந்து ஆற்றோரமாகவே மேற்கே போனால் ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆதிச்சநல்லூர். எங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு விளக்குப் போட்டு பொருளைக் காட்சிக்கு வைத்திருக்கிற இடம் என்றால் அதுதான். 2023 ஆகஸ்டில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வந்து அந்தக் களத்து அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். கண்ணாடித் தளத்தில் நின்று கீழே குனிந்து தாழிகளைப் பார்க்கலாம். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி பெர்லினுக்கு அள்ளிக்கொண்டு போனார். அலெக்சாண்டர் ரீ தோண்டியது எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. இந்தப் பக்கம் சிவகளையிலும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் அய்யாயிரம் வருசத்துக்கு மேலே போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எல்லாம் நல்லதுதான், ஆரியம் பேசுகிறவர்களுக்கு எரியட்டும். ஆனால் அந்தப் பலகைகளில் எல்லாம் ‘தமிழர்’ என்று ஒரே சொல்லைப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று உறைக்கிறது. தாழி பிசைந்த கைக்கும் இரும்பு உருக்கிய கைக்கும் பெயர் கிடைக்காது, அத்தனை காலம் ஆகிவிட்டது. அது மண்ணின் குற்றமில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவனின் பெயரையும் அதே மாதிரி ‘தமிழர்’ என்ற தாழிக்குள் போட்டு மூடுகிறார்களே, அதற்கு எந்த மண்ணைக் குற்றம் சொல்ல? கொற்கை முத்தைப் பற்றி ஈராயிரம் வருசமாகப் பேசுகிறோம், மூச்சடக்கி முங்கினவன் ஒருவன் பெயராவது உண்டா? செத்தவனுக்கு ஆளில்லாத அடையாளம். இருக்கிறவனுக்கும் அதுவே போதும் என்கிறார்கள்.

2025 ஜூனில் இத்தாலியில் பிராடா கம்பெனி தன் ஆடைக் காட்சியில் கோலாப்பூர்ச் செருப்பை மேடையேற்றியதே, அதுவும் இந்தக் கதைதான். மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் தோல் பதனிடுகிற, செருப்புத் தைக்கிற சாதிகளின் கைவேலை அது. ஊரே கத்தியபிறகுதான் எங்கிருந்து வந்ததென்று ஒப்புக்கொண்டார்கள். கத்தியவர்களிலும் பெரும்பாலானோர் ‘இந்தியாவின் பாரம்பரியம் திருடுபோச்சு’ என்றார்கள். தைத்தவனின் சாதியைச் சொல்ல நாக்கு எழவில்லை. வெளிநாட்டுக்காரன் இந்தியாவின் பெயரை விட்டான், உள்ளூர்க்காரன் எங்கள் பெயரை விட்டான்.

சரி, நிறத்தைப் பற்றிப் பேசுவோம். கேலரிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த விசயம். நீலம் அமைதி, காவி வெப்பம், மஞ்சள் ஒளி என்று சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் ஆறாம் வகுப்புப் பையனுக்கு வண்ணக் கோட்பாடு மனப்பாடம். கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்து எந்தத் தெருக்காரன் என்று சொல்லிவிடுவான். அந்தக் கயிறை அவிழ்க்கச் சொல்லி அரசு சுற்றறிக்கை விட்டுப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள்; அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும் கயிறும் மோதிரமும் பொட்டும் வந்தன. இது ஒரு நிறப்பாடம். இன்னொன்று: 2018 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்துப் பதாவூனில் அம்பேத்கர் சிலைக்குக் காவி அடித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் மறுபடி நீலம் அடித்தார்கள். 2022 டிசம்பர் 6 அன்று கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சிக்காரர்கள் அம்பேத்கருக்குக் காவிச் சட்டையும் விபூதியும் போட்டு போஸ்டர் ஒட்டினார்கள். கோட்டின் நிறத்தை மாற்றினால் அரசியலே மாறிவிடும் என்பது அவர்களுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. தெரியாதவர் கேலரியில் ஒயின் கோப்பையோடு ‘இந்த நீலம் எவ்வளவு ஆழம்’ என்று வியந்துகொண்டிருப்பவர் ஒருத்தர்தான்.

நவீனச் சிற்பம் எது என்று என்னைக் கேட்டால் நம் தெருமுனையில் நிற்கிற அம்பேத்கரைக் காட்டுவேன். கோட்டு, கண்ணாடி, கையில் சட்டப் புத்தகம், நீட்டிய விரல். 1967-இல் நாடாளுமன்ற வளாகத்தில் பி.வி. வாக் செய்து வைத்த சிலையின் தோரணை அது. அங்கிருந்து காலண்டருக்கு இறங்கி, தபால்தலைக்கு இறங்கி, சிமெண்டுக்கும் ஃபைபருக்கும் இறங்கி, தேசத்தின் கடைசிச் சேரி வரை வந்து நின்றது. எந்த அகாடமியும் அனுப்பி வைக்கவில்லை. கூலி வேலை செய்கிறவர்கள் தலைக்கட்டுக்கு வரி போட்டு, நாள் கூலியில் பிடித்துச் சேர்த்து, செய்யக் கொடுத்து, லாரியில் சாக்குச் சுற்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கழுத்துக் குட்டையாக இருக்கும், விரல் தடியாக இருக்கும், கண்ணாடி ஒருபக்கம் ஏறி இருக்கும். பார்த்துச் சிரிக்கிற கலைஞர்களை எனக்குத் தெரியும். ‘கிட்ச்’ என்பார்கள். சிரிக்கட்டும். உங்கள் சிற்பத்தைப் பார்க்கப் பாஸ் கொடுத்து ஆள் கூப்பிடுகிறீர்கள். எங்கள் சிற்பத்தை உடைப்பதற்கே ஆள் வருகிறான். அப்படியானால் எதற்கு அர்த்தம் அதிகம்?

தென் மாவட்டங்களில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், கம்பிக் கூண்டுக்குள் நிற்பார். அரசியல் சட்டம் எழுதியவரைப் பூட்டு போட்டுக் காப்பாற்றுகிற நாடு இது. சாவி போலீஸிடமோ வருவாய்த் துறையிடமோ இருக்கும். பிறந்தநாளுக்கு மாலை போட அனுமதி வாங்கித் திறக்க வேண்டும். அதுவல்லவா திறப்பு விழா! வண்டி வண்டியாகப் போலீஸ், தாசில்தார், ஊர் எல்லையில் தடுப்பு, யார் எந்த வழியாக வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது. கேலரித் திறப்பில் காபி ஆறிப்போகும் என்ற பயம் தவிர வேறொன்றும் கிடையாது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். கேள்வி கேட்டுத் தெருவுக்கு வந்த நம் மக்களில் பத்துப் பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில், ஊர் நடுவில், சிலையின்மேல் ஏறி நின்று உடைத்தார்கள். உடைக்கிறதை வீடியோவாக எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். அதுவும் ஒரு கண்காட்சி. நமக்கு என்ன சொல்கிறார்கள் என்பது நமக்குப் புரிந்தது.

சிலை வேண்டாம், படமாவது சுவரில் இருக்கட்டும் என்றால் அதுவும் பொறுக்கவில்லை. 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யார் படமும் வைக்கக்கூடாது. வழக்கறிஞர்கள் திரண்டு எதிர்த்தபிறகு, இருக்கிற அம்பேத்கர் படங்கள் அகற்றப்படாது என்று விளக்கம் வந்தது. அவர் எழுதிய சட்டத்தைப் பிரித்துவைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டடத்துக்குள் எல்லோரும் வழக்காடுகிறார்கள். எந்தச் சுவரில் யார் படம் தொங்கலாம் என்பது ரசனைப் பிரச்சனை என்று நம்புகிற ஓவிய நண்பர்கள் அந்தச் சுற்றறிக்கையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

கேலரிக்கு நாம் போகாவிட்டால் கேலரி நம்மைத் தேடி வரும், அந்தக் கூத்தும் நடந்தது. சென்னையின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரத்து நடுவிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட மக்களை 2000-லிருந்து கொண்டுபோய்க் கொட்டின இடம் கண்ணகி நகர். பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். பெரும்பாலும் நம் மக்கள். வேலைக்குப் போக இருபது கிலோமீட்டர், முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குவான், கடன் கொடுக்க மறுப்பான். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸ் கம்பெனியும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டி ‘கலை வட்டாரம்’ என்று பெயர் வைத்தார்கள். திறந்தவெளி கேலரியாம். கேமராவோடு சனம் வந்து போனது. அங்கே இருக்கிற சிலருக்குச் சந்தோசமாகவும் இருந்தது, அதை நான் குறைசொல்லமாட்டேன்; அழுக்குச் சுவரைவிட வண்ணச் சுவர் யாருக்குத்தான் பிடிக்காது? என் கேள்வி பெயிண்டு அடித்தவர்களுக்கு. நகரத்தின் நடுவில் குடிசைகளை இடிக்கும்போது இந்தத் தூரிகைகள் எங்கே இருந்தன? இடித்த மாநகராட்சியே கூட்டாளி. பெயிண்டு விற்கிற கம்பெனியே புரவலர். சிதறடிக்கப்பட்டவன் வீட்டுச் சுவர் அவர்களுக்குக் கித்தான், அவனே காட்சிப்பொருள். வெளிச்சுவருக்கு வண்ணம் வந்த அளவு வேகத்தில் உள்ளே குழாயில் தண்ணீர் வந்ததா? கண்ணகி நகர் என்ற பெயருக்குக் கௌரவம் கிடைத்தது எந்தச் சுவர்ச் சித்திரத்தாலும் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் கபடியில் தங்கம் வென்ற அணியில் ஆடிவிட்டு வந்த கார்த்திகா, நான் கண்ணகி நகர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாளே, அன்றைக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் சொன்னால் ‘அப்போ தலித்தை யாருமே வரையக்கூடாதா, போட்டோ எடுக்கக்கூடாதா’ என்று கேட்பார்கள். வரையுங்கள், எடுங்கள். யார் எங்கே நின்றுகொண்டு எடுக்கிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம். மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கிற தாயின் மகன் பழனிக்குமார். மலக்குழியில் செத்தவர்களையும் அவர்கள் வீட்டில் மிஞ்சியவர்களையும் அவர் எடுத்த படங்களில் முகத்துக்குப் பெயர் உண்டு, பெயருக்கு ஊர் உண்டு, செத்த நாள் உண்டு. மலக்குழியில் ஆளை இறக்கத் தடைச் சட்டம் வந்தது 2013-இல். செத்தால் பத்து லட்சம் என்றது உச்சநீதிமன்றம் 2014-இல், அதை 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ஆக்கியது. அந்தப் பணத்துக்காக எந்தப் பெண் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாள் என்பது வரை அவர் கூடப்போய் நின்றவர். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் வீட்டையே, தன் சனத்தையே எடுத்தார். பள்ளிக்கூடம் தொடங்கி நடத்திய பாட்டி பொன்னுத்தாயின் பேரன் அவர். அந்தப் படங்களில் வறுமை இருக்கிறது, ஆனால் கெஞ்சல் கிடையாது. இவர்களுக்கு முன்னாலேயே நாக்பூர்க்காரர் சவி சவர்க்கர், கழுத்தில் கலயமும் பின்னால் துடைப்பமும் கட்டி நடத்தப்பட்ட மனிதனை, பேஷ்வாக்களின் பூனாவை, கோடாகக் கீறிவைத்தார். பார்த்தவன் இரக்கப்பட முடியாது, தலைகுனியத்தான் முடியும். 2018 டிசம்பரில் சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் வானம் கலைத் திருவிழாவை நடத்தியபோது, யார் வரவேண்டும், எதை மாட்டவேண்டும், யார் பேசவேண்டும் என்பதை நாமே முடிவு செய்தோம். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

இவர்களையும் சந்தை விழுங்கப் பார்க்கும். ‘தலித் கலை’ என்று ஒரு அறை ஒதுக்கி, ஏப்ரல் மாதம் மட்டும் திறந்து, மே மாதம் பூட்டிவிடுவார்கள். நம் பையன்களும் அழைப்பு வந்த பூரிப்பில் போய் நின்றுவிடுவார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிபந்தனையோடு போங்கள் என்கிறேன். படத்தில் இருக்கிறவரின் சம்மதமும் அவர் கேட்டுக்கொண்டால் அவர் பெயரும் படத்துக்குக் கீழே வரவேண்டும், விற்றால் பங்கு போகவேண்டும். பறை அடித்தால் அடித்தவர்கள் பெயர் அழைப்பிதழில் அச்சாகட்டும், அடித்து முடித்ததும் முதல் ஆளாக அவர்கள் உள்ளே போகட்டும். குத்துவிளக்கு எதற்கு? அரசமைப்பு எந்த விளக்கையும் ஏற்றச் சொல்லவில்லை. தேர்வுக் குழுவில் நம் ஆள் ஒருவர்கூட இல்லாத கண்காட்சிக்கு நம் படத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு வருசம் கொடுக்காமல் இருந்து பாருங்கள், அவர்கள் சுவர் எவ்வளவு வெறிச்சென்று ஆகிறதென்று.

அதோடு நம் சுவரில் நாம் தொடங்குவோம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது, பாலத்துச் சாலை அறுந்து ஊர் துண்டானது. வடிந்தபிறகு கடைத்தெருவின் நஷ்டத்தைக் கணக்கெடுத்தார்கள், எடுக்கவேண்டியதுதான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேறொன்று நனைந்தது: சட்டம் போட்டு மாட்டியிருந்த போட்டோ. கல்யாணப் படம், செத்துப்போன தாத்தாவின் ஒரே படம், பட்டம் வாங்கிய மகள், காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய அம்பேத்கர். சாயம் கரைந்து முகம் வழிந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்க முடியாமல் இன்னும் வைத்திருக்கிறார்கள். எறிய மனசு வரவில்லை. அக்கா மகனும் அவன் சேக்காளிகளும் வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி அடுக்குகிறார்கள். திருத்தவில்லை, மறுபடி வரையவில்லை. வழிந்தது வழிந்தபடி. ஒவ்வொன்றின் கீழும் படத்தில் இருப்பவர் பெயர், யார் மகன், யார் மகள், எந்த வருசம் எடுத்தது, எந்த ஸ்டூடியோ, வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வார்த்தையிலேயே. எழுத்தை எழுதுவதற்குக் கட்டட வேலைக்குப் போன பழைய பெயிண்டர் ஒருவரைத் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். கூலி பேசியாகிவிட்டது. சுவரின் மூலையில் பெயர் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாராம்.

தெருச் சமுதாயக் கூடத்தில் வைக்கிறோம். யார் திறந்து வைப்பது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, “திறக்கிறதுக்கு என்னய்யா இருக்கு, அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது லா” என்றாள் ஆச்சி ஒருத்தி. தேதி அடுத்த இதழில் வரும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் படுக்க இடம் பார்த்து வைக்கலாம்.